கால் எரிச்சலும் கண் உறுத்தலும் ஒரே நோயாக இருக்குமா? நரம்பில் முதலில் தெரியும் தன்னெதிர்ப்பு நோய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பத்தொன்பது வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் மக்கள் வந்து நிற்கிற இடம் எங்கள் கவுண்டர்தான். "அக்கா, நரம்பு மாத்திரை பத்து குடுங்க" என்ற குரல் கேட்காத நாள் கிடையாது. அப்படி வாங்கிப் போனவர்களில் சிலருக்கு, மாதங்களோ வருடங்களோ கழித்து, வேறு பெயரில் நோய் பிடிபட்டிருக்கிறது. அவர்களில் ஒருத்தி என் கூடப் பிறந்த அக்கா. அவளுக்கு இரண்டு வருடம் நரம்பு மாத்திரை எடுத்துக் கொடுத்தது நான்தான். அந்த வலிதான் இதை எழுத வைக்கிறது. கேள்விகள் கவுண்டரிலும் போனிலும் வந்தவை. கேட்டவர்களின் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: தன்னெதிர்ப்பு நோய்னா என்னங்க? டாக்டர் "ஆட்டோ இம்யூன்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

கிருமி உள்ளே வந்தால் அதைப் பிடித்துக்கொள்ள உடம்பு ஒரு புரதம் செய்கிறது. அதற்கு ஆன்டிபாடி என்று பெயர். சில நேரம் அந்த ஆன்டிபாடி கிருமியோடு நிற்காமல் நம் சொந்தத் திசுவிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரு உதாரணம் பாருங்கள். சரியாக வேகாத கோழிக்கறியால் வரும் வயிற்றுப்போக்குக்குக் காரணமான கேம்பிலோபாக்டர் என்ற கிருமியின் மேல்தோலில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. நம் நரம்பின் மேற்பரப்பிலும் ஏறக்குறைய அதே அமைப்பு இருக்கிறது. கிருமிக்காகச் செய்த ஆன்டிபாடி நரம்பையும் பிடித்துக்கொண்டால், வயிறு சரியான பிறகு கால் வராமல் போகிறது.

எல்லா வகையிலும் காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. முடக்குவாதம், தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல இடத்தைத் தாக்கும் லூபஸ், ஹாஷிமோட்டோ தைராய்டு, சிறு வயதில் வரும் முதல் வகை சர்க்கரை எல்லாம் இந்தக் குடும்பம்தான். பெண்களுக்கு அதிகம். லூபஸ் வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள்.

கேள்வி: மூட்டுல வர்ற நோய், தோல்ல வர்ற நோய்னுதானே கேள்விப்பட்டிருக்கோம். நரம்புல எப்படி முதல்ல வரும்?

மூன்று வழி இருக்கிறது. ஆன்டிபாடி நேராக நரம்பையோ மூளையையோ தாக்கலாம். அல்லது நரம்புக்குச் சாப்பாடு கொண்டு போகிற நுண்ணிய ரத்தக்குழாய் வீங்கி அடைபடலாம். அப்போது ஒரே நாளில் ஒரு பாதம் மட்டும் தொங்கிவிடும், செருப்பு கழன்று விழுவதே தெரியாமல் நடப்பார்கள். மூன்றாவது, ரத்தம் சீக்கிரம் உறையும்படி ஆகி மூளையில் அடைப்பு வரலாம். முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குப் பக்கவாதம் வந்து, அதற்கு முன் இரண்டு மூன்று தடவை கரு கலைந்திருந்தால், அந்த இரண்டையும் சேர்த்தே டாக்டரிடம் சொல்லுங்கள். கரு கலைந்தது பெண்கள் டாக்டரின் சீட்டிலும், பக்கவாதம் நியூரோ டாக்டரின் சீட்டிலும் தனித்தனியாகக் கிடந்தால் ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற டெஸ்ட் யாருக்கும் தோன்றாமல் போகலாம்.

தோலும் மூட்டும் கண்ணுக்குத் தெரியும், கைக்குப் படும். நரம்பு அப்படி இல்லை. அதனால்தான் முதலில் நரம்பில் தட்டினாலும் கடைசியில் பிடிபடுகிறது.

கேள்வி: ராத்திரியானா பாதம் தீயா எரியுது. சுகர் பாத்தாச்சு, இல்லை. அப்புறம் என்னவா இருக்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் சுகரை ஒரே ஒரு தடவை வெறும் வயிற்றில் பார்த்துவிட்டு "இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள். மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி பாருங்கள். நம் ஊரில் பாத எரிச்சலுக்கு முதல் காரணம் சர்க்கரைதான். அதற்கு அடுத்தது பி12 குறைவு, தைராய்டு, குடிப்பழக்கம், சில மருந்துகள். தோலில் வெளிறிய படை இருந்து அந்த இடத்தில் தொட்டாலே தெரியவில்லை என்றால் தொழுநோயையும் பார்க்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம், ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் முழுசாகக் குணமாகும்.

இவை எதுவும் இல்லை என்றால்தான் அடுத்த யோசனை. சர்க்கரையால் வருவது பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் சமமாக ஆரம்பித்து, வருடக்கணக்கில் மெள்ள மேலே ஏறும். தன்னெதிர்ப்பு நோயில் பல நேரம் அப்படி ஒழுங்கு இருக்காது. ஒரு கை, மறு கால் என்று மாறி மாறி வரும். முகத்தில், தலையில், வயிற்றில்கூட மரமரப்பு வரும். சில வாரத்திலேயே வேகம் பிடிக்கும். சோப்புப் போட்டுக் கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடி விழப் போவார்கள். கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகாததுதான் காரணம்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயதில் எரிச்சல் ஆரம்பித்தது. ராத்திரி பாயை விட்டு எழுந்து பாதத்தைச் சிமென்ட் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மின்விசிறிக் காற்று பட்டால்கூட ஊசி குத்துகிறது என்பாள். ஒரு கிளினிக்கில் "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி வாரம் ஒரு ஊசி போட்டார்கள். நரம்பு ஓட்டத்தை அளக்கும் டெஸ்ட் எடுத்தார்கள், நார்மல் என்று வந்தது. அதோடு "எல்லாம் மனசுதான்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த டெஸ்ட் பெரிய நரம்புகளை மட்டும்தான் அளக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எரிச்சலையும் சூட்டையும் குளிரையும் உணர்கிற மெல்லிய நரம்பு இழைகளை அது பார்ப்பதே இல்லை. அவை கெட்டிருக்கின்றனவா என்று பார்க்க, காலில் சிறு தோல் துணுக்கு எடுத்து எண்ணிப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது.

இதே காலத்தில் அக்காவுக்குக் கண் மண் விழுந்த மாதிரி உறுத்தியது. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். ஒரே வருடத்தில் நாலு பல் சொத்தை, பல் டாக்டர் அடைத்தார். அந்தச் சொட்டு மருந்தையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மூன்றையும் ஒன்றாக யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

பிடிபட்டது ஒரு சாயங்காலம். கடைக்கு எதிரே தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கினோம். எனக்கு நாலு, அக்காவுக்கு நாலு. நான் முடித்துவிட்டேன். அக்கா முதல் வடையை வாயில் வைத்துக்கொண்டு மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றாள். ஒரு கடி, ஒரு மடக்குத் தண்ணீர். பீட்ரூட் துருவலும் சட்னியும் வைத்த ஈரமான வடைக்கே இப்படி. "எத்தனை நாளா?" என்றேன். "ரெண்டு வருஷமா வாய்ல எச்சிலே ஊறலை, இதெல்லாம் ஒரு வியாதியான்னு சொல்லலை" என்றாள்.

வறண்ட கண், வறண்ட வாய், எரியும் பாதம். மூன்றுக்கும் சேர்ந்து ஒரு பெயர் இருக்கிறது: ஷோக்ரென் நோய். ஸ்வீடனைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரென் 1933-இல் இதை விரிவாக எழுதினார். உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளை உடம்பே தாக்கும் நோய் இது. சிலருக்கு வறட்சி வெளியில் தெரிவதற்கு முன்பே நரம்பில் காட்டிவிடும். அக்காவுக்கு ரத்தத்தில் ஆன்டி ரோ என்ற ஆன்டிபாடி இருந்தது. கீழ் உதட்டின் உள்பக்கம் மிளகளவு துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். முதல் எரிச்சலிலிருந்து அந்த நாள் வரை மூன்று வருடம்.

கேள்வி: பி12 ஊசி போட்டா எல்லா நரம்புப் பிரச்சினையும் சரியாயிடாதா?

குறைவு இருந்தால் சரியாகும். இல்லாதவர்களுக்கு அது நேரத்தைத் தின்னும், அவ்வளவுதான். ஊசி போடுவதற்கு முன்பே ரத்தத்தில் அளவைப் பார்த்துவிடுங்கள். போட்ட பிறகு பார்த்தால் எண் ஏறித்தான் காட்டும், உண்மை தெரியாது.

பி12 குறைவுக்கே ஒரு தன்னெதிர்ப்புக் காரணம் உண்டு. இரைப்பையில் சுரந்து, பி12-ஐ உறிஞ்ச உதவும் புரதத்தை உடம்பே அழித்துவிடும். அதற்குப் பெர்னிசியஸ் அனீமியா என்று பெயர். கறி, முட்டை, பால் எல்லாம் சாப்பிடுகிறவருக்குப் பி12 அடிமட்டத்தில் இருந்தால் இதை நினைக்க வேண்டும். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கிற "நரம்பு மாத்திரை"யில் பி6-ம் சேர்ந்திருக்கும். அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பி6-ஏ நரம்பைக் கெடுக்கும், கால் மரத்துப்போகும். மரத்துப்போகிறது என்று இன்னும் இரண்டு மாத்திரை சேர்த்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறையில வேலை. கட்டை விரலும் அடுத்த ரெண்டு விரலும் ராத்திரி மரத்துப் போகுது. கையை உதறினா சரியாகுது. இதுவும் அந்த நோயா?

அதிகமும் மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது, கார்ப்பல் டனல் என்பார்கள். குறடு பிடித்து நாள் முழுக்க ஒரே மாதிரி வேலை செய்கிற கைக்கு வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இதுவே தைராய்டு குறைவின் முதல் அறிகுறியாகவும், முடக்குவாதத்தின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். காலையில் எழுந்தால் விரல்கள் அரைமணி, ஒருமணி நேரம் மடங்க மறுக்கிறதா? இரண்டு கையிலும் மொளி வீங்குகிறதா? அப்படியானால் வேலையின் மேல் மட்டும் பழி போடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பட்டறையில் என்னென்ன உலோகம், பற்றவைக்க எது பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: காலையில நல்லா இருக்கேன். சாயங்காலம் தறியில உக்காந்தா ஒரு இழை ரெண்டா தெரியுது. கண் இமை தானா இறங்குது. தூக்கம் பத்தலையா?

இது தூக்கம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயைச் சோதிக்கச் சொல்லி, உடனே நியூரோ டாக்டரைப் பாருங்கள்.

நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகிற இடத்தை ஆன்டிபாடி அடைத்துக்கொள்கிறது. அதனால் தசை பயன்படுத்தப் பயன்படுத்தச் சோர்ந்து, ஓய்வு கொடுத்தால் தேறும். சாப்பாட்டின் முதல் பாதியை நன்றாக மென்றவர் பின்பாதியில் தாடையைக் கையால் தாங்கிக்கொள்வார். பேசிக்கொண்டே போனால் குரல் மூக்கால் வரும். தலைமுடி பின்னக் கை தூக்கினால் பாதியில் விழுந்துவிடும். இமை இறங்கிய கண்ணின் மேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்தால் இமை சற்று ஏறும், டாக்டர்கள் இதைச் சோதனையாகவே செய்கிறார்கள். நோயை உறுதி செய்ய ஆன்டிபாடி டெஸ்ட் உண்டு. கண்ணில் மட்டும் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது நெகட்டிவாக வரும், அதனால் நெகட்டிவ் என்றதும் விட்டுவிடக் கூடாது. மார்பில் தைமஸ் சுரப்பியையும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

1934-இல் இங்கிலாந்தில் மேரி வாக்கர் என்ற டாக்டர் இதற்கு மருந்து வேலை செய்வதைக் கண்டார். இன்று அதே வழியில் வந்த பைரிடோஸ்டிக்மின் மாத்திரை கிடைக்கிறது. வேளை தவறாமல் போட்டுக்கொண்டு தறி நெய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மருந்துக்கடைக்காரியாக ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். மயஸ்தீனியா இருக்கிறது என்று தெரிந்தால் அதை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையிலோ பர்ஸிலோ வையுங்கள். சாதாரணச் சளிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் தருகிற அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின், ஊசியாகப் போடும் ஜென்டமைசின், அமிக்காசின், மெக்னீசியம், படபடப்புக்குத் தரும் ப்ரோப்ரனலால் எல்லாம் இந்த நோயை மோசமாக்கலாம். கடையில் நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். விழுங்கத் தடுமாற்றமோ மூச்சுத் திணறலோ வந்தால் அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சித்திரை வெயில்ல ஒரு கண்ணு மங்குது, கால் கனக்குது. ஏற்காடு போய் ரெண்டு நாள் இருந்தா பழையபடி ஆயிடறேன். காத்து மாத்தமா?

வெயில் தான். ஆனால் வெயில் ஒரு ஒளிந்திருக்கும் காயத்தை வெளியே காட்டுகிறது. நரம்பின் மேல் இருக்கிற கொழுப்பு உறை தேய்ந்துபோனால், உடம்பு அரை டிகிரி சூடானாலும் அந்த இடத்தில் செய்தி தடைப்படும். வெந்நீர்க் குளியலிலும் காய்ச்சலிலும் இதே மாதிரி ஆகும். 1890-இலேயே ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இதைக் கவனித்து எழுதிவிட்டார். மல்டிபிள் ஸ்கிலரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்ற நோயில் இது அடிக்கடி வருவது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும் சுகமாக இருப்பது உண்மை. உறை அங்கே வளர்ந்துவிடவில்லை, உடம்பு குளிர்ந்திருக்கிறது, அவ்வளவே. மலை ஏறி இறங்கியே வருடத்தை ஓட்டிவிடாமல் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள்.

ஒரு கண்ணில் சில நாளில் பார்வை மங்கி, கண்ணை உருட்டினால் வலித்தால் அது பார்வை நரம்பின் வீக்கமாக இருக்கலாம். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். நல்ல அரக்குச் சிவப்புச் சேலையை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். பாதிக்கப்பட்ட கண்ணுக்கு அதே சிவப்பு, பலமுறை துவைத்துச் சாயம் போன மாதிரித் தெரியும். நம் அம்மாபேட்டையில் நிறம் பார்த்துப் பழகின கண்களுக்கு இது உடனே பிடிபடும். தலையைக் குனிந்தால் முதுகெலும்பு வழியே மின்சாரம் ஓடுவது போல இருந்தாலும் சொல்லுங்கள்.

எம்.எஸ். மாதிரியே இருந்து வேறாக இருக்கும் இன்னொரு நோய், பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. அதன் முதல் அறிகுறி சிலருக்கு நாள் கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும். மூளையில் வாந்தியைத் தூண்டும் இடம் பாதிக்கப்படுவதால் வருவது அது. வயிற்று டாக்டரிடம் எண்டோஸ்கோபி செய்து ஒன்றும் இல்லை என்று வந்து, சில வாரத்தில் கண்ணோ காலோ போகும். இதைக் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடி 2004-இல் தெரிய வந்தது. அந்த டெஸ்டைக் கேட்டுச் செய்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கிவிடும்.

கேள்வி: ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துல பழம் பறிக்கிறேன். மார்கழிக் குளிர்ல விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, அப்புறம் நீலமா மாறி, வெயில்ல வந்தா சிவந்து எரியுது. நரம்பு இழுக்குதுன்னு ஊர்ல சொல்றாங்க.

இது விரலின் ரத்தக்குழாய் குளிரில் சுருங்குவது, ரேனாட் என்று பெயர். பல இளம் பெண்களுக்கு வேறு நோய் எதுவும் இல்லாமலே இது வரும், கையுறை போட்டுச் சூடாக வைத்தால் போதும். ஆனால் முப்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தால், விரல் நுனியில் புண் வந்தால், தோல் இறுகினால், மூட்டு வலி கூட இருந்தால், லூபஸோ தோல் இறுகும் ஸ்கிலரோடெர்மாவோ என்று பார்க்க வேண்டும். வெளுத்த விரலை போனில் போட்டோ எடுத்து வையுங்கள். நீங்கள் மலை இறங்கிச் சேலம் வந்து சேர்வதற்குள் விரல் பழைய நிறத்துக்கு வந்துவிடும், டாக்டருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

கேள்வி: என் தங்கச்சி மகளுக்கு இருபது வயசு. பத்து நாளா தூங்கலை, சம்பந்தமில்லாம பேசுறா, வாயைச் சப்புக் கொட்டிட்டே இருக்கா, எங்களையே சந்தேகப்படுறா. காத்துக் கருப்பு பட்டிருக்கும்னு பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க.

அம்மா, கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. முதலில் ஆஸ்பத்திரி, இன்றைக்கே.

நல்லபடியாக இருந்த பிள்ளை சில நாளில், சில வாரத்தில் ஆளே மாறினால், கூடவே வலிப்போ, வாயிலும் கையிலும் தானாக வரும் அசைவோ, காய்ச்சல் தலைவலியோ, ஒரே நிலையில் உறைந்து நிற்பதோ இருந்தால், மூளையில் தன்னெதிர்ப்பு வீக்கம் இருக்கலாம். 2007-இல் ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவும் இதில் ஒரு வகைக்குக் காரணமான ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். இளம் பெண்களில் சிலருக்குச் சினைப்பையில் இருக்கும் ஒரு கட்டிதான் இதைத் தூண்டுகிறது. கட்டியை எடுத்து, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும் கொடுத்தால், பெரும்பாலானவர்கள் படிப்படியாகத் தேறிவிடுகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. மனநல டாக்டரிடம் முதலில் போனாலும் பரவாயில்லை, தவறு இல்லை. மருந்துக்குக் கேட்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ நியூரோவுக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். லூபஸிலும் மனம் இப்படிக் கலங்குவது உண்டு.

கட்டி வைத்து அடிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு நடப்பது எதுவும் அவர்கள் கையில் இல்லை.

கேள்வி: வயித்தால போய் நின்னு பத்து நாள் ஆச்சு. நேத்துல இருந்து படி ஏற முடியலை, இன்னிக்கு எந்திரிக்கவே முடியலை.

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூவர் 1916-இல் விவரித்த ஜிபிஎஸ் என்ற நோயாக இருக்கலாம். பலவீனம் காலிலிருந்து மேலே ஏறி மூச்சுத் தசையை எட்டினால் வென்டிலேட்டர் தேவைப்படும். ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ண முடியவில்லை என்றால் ஆம்புலன்ஸில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். இதற்கு இம்யூனோகுளோபுலின் ஊசி அல்லது பிளாஸ்மா மாற்றும் சிகிச்சை. ஸ்டீராய்டு இதற்கு வேலை செய்யாது, அதனால் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு ராத்திரியைக்கூடக் கழிக்காதீர்கள்.

கேள்வி: மரவள்ளிக் கிழங்கு, ஜவ்வரிசி சாப்பிட்டா நரம்பு கெடுமாமே?

கசப்பு மரவள்ளியைச் சரியாக ஊறவைக்காமல், பதப்படுத்தாமல் வாரக்கணக்கில் அதையே உணவாக உண்ட ஆப்பிரிக்க ஊர்களில் கால் விறைக்கும் கொன்சோ என்ற நோய் வந்தது உண்டு. அதற்குக் காரணம் கிழங்கிலிருக்கும் சயனைடு, தன்னெதிர்ப்பு இல்லை. தோல் உரித்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துச் சாப்பிடுகிற நம் கிழங்குக்கும், அலசிக் காய்ச்சின ஜவ்வரிசிக்கும் பயப்பட வேண்டாம்.

கேள்வி: ஏஎன்ஏ பாசிட்டிவ்னு வந்திருக்கு. லூபஸா?

ஏஎன்ஏ என்பது நம் செல்லின் கருவையே பிடிக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ரத்தத்தை 40 மடங்கு நீர்த்துப் பார்த்தால், நோயே இல்லாத நூறு பேரில் முப்பது பேருக்குக்கூட பாசிட்டிவ் வரும். 160 மடங்கில் ஐந்து பேர் அளவில் குறையும். எத்தனை மடங்கு, கூட என்ன தொந்தரவு என்று இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம், மயஸ்தீனியாவிலும் எம்.எஸ்.ஸிலும் ஜிபிஎஸ்ஸிலும் ஏஎன்ஏ நெகட்டிவாகவே இருக்கலாம். லூபஸ் சந்தேகம் என்றால் சிறுநீர்ப் பரிசோதனையை விடாதீர்கள். செலவு குறைவு, சிறுநீரகம் பாதிக்கப்படுவது முதலில் அதில்தான் தெரியும்.

கேள்வி: முதுகுத் தண்டுல தண்ணி எடுக்கணுங்கறாங்க. கால் போயிடும்னு எங்க மாமியார் ஒத்துக்கலை.

தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதுகெலும்பின் முதல் அல்லது இரண்டாம் இடுப்புக் கணு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி போகிற இடம் அதற்கும் கீழே. அங்கே இருப்பது திரவத்தில் மிதக்கும் நரம்பு நூல்கள், ஊசி வந்தால் விலகிக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் தலைவலி வரலாம். உங்கள் மாமியாரிடம் டாக்டரையே ஒரு படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் அப்பா அப்படித்தான் சம்மதித்தார்.

கேள்வி: சேலத்துல எங்க போறது? செலவுக்கு என்ன செய்யறது?

அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாம் ஜி.எச். என்று சொல்வது, அங்கிருந்து ஆரம்பியுங்கள். பொது மருத்துவத்தில் காட்டினால் நரம்பியலுக்கு அனுப்புவார்கள். மூட்டு, தோல், வாய்ப்புண், வறட்சி கூட இருந்தால் வாத நோய் நிபுணரையும், அதாவது ரூமட்டாலஜி டாக்டரையும், பார்க்கக் கேளுங்கள். அதற்கு மேல் தேவை என்றால் வேலூர் சி.எம்.சி.யும் பெங்களூரு நிம்ஹான்ஸும் இரண்டுமே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரண்டு துறையும் இருக்கின்றன. இம்யூனோகுளோபுலின் போன்ற விலை கூடின சிகிச்சை என்றால், பணம் கட்டுவதற்கு முன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் கேளுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று கையில் இருக்கட்டும்.

போகும்போது ஒரு பக்கத் தாள் எழுதிக்கொண்டு போங்கள். எந்தத் தேதியில் என்ன ஆரம்பித்தது, எப்போது கூடும், எப்போது குறையும், வீட்டில் யாருக்குத் தைராய்டு, முடக்குவாதம், கரு கலைந்தது, வாய்ப்புண், முடி கொட்டுவது, வெயிலில் கன்னம் சிவப்பது. "இதெல்லாம் நரம்பு டாக்டர்கிட்ட சொல்றதா" என்று நினைக்கிற விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்கள். அக்கா எழுதாமல் விட்டது வாய் வறட்சி ஒன்றைத்தான்.

கேள்வி: ஸ்டீராய்டு பயமா இருக்கு. நாட்டு மருந்து சூரணம் சாப்பிட்டா குறையுதே?

பயம் நியாயம். முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். அதனால்தான் டாக்டர்கள் குறைந்த நாளில் குறைக்கப் பார்ப்பார்கள், வேறு மருந்தைச் சேர்ப்பார்கள். ஆனால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. பெயரோ கம்பெனியோ இல்லாத பொட்டலச் சூரணத்தில் நாலே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் எனக்கு அதில்தான் பயம். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டும் ஈயமும் கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஈயம் தானே ஒரு நரம்பு விஷம். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போகிறவர்கள், இரண்டு பக்கத்து மருந்தையும் இரண்டு பேருக்கும் காட்டிவிடுங்கள்.

லூபஸுக்கும் முடக்குவாதத்துக்கும் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆரம்பத்தில் ஒரு தடவையும், பிறகு டாக்டர் சொல்கிறபடியும் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: பொண்ணுக்குக் கல்யாணம் பேசறோம். இதைச் சொல்லலாமா? குழந்தை பிறக்குமா?

பெரும்பாலானவர்களுக்குப் பிறக்கும். நோய் அடங்கி ஆறு மாதம் ஆன பிறகு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு தரிப்பது நல்லது. மீத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினலேட் போன்றவற்றைக் கரு உண்டாவதற்கு முன்பே மாற்ற வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைப் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். ஆன்டி ரோ இருக்கிற தாய்மார்களில் நூற்றில் ஒன்றிரண்டு பேரின் குழந்தைக்கு இதயத் துடிப்பு மந்தமாகலாம், அதனால் வயிற்றிலேயே ஸ்கேனில் பார்க்க வேண்டும். மறைத்துக் கல்யாணம் செய்தால் முதலில் மறைவது மாத்திரைதான். புகுந்த வீட்டில் யாரும் பார்க்கக் கூடாது என்று மருந்தை நிறுத்தி, நோய் கூடி வந்து கவுண்டரில் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பையன் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: உங்க அக்கா இப்போ எப்படி இருக்காங்க?

இருக்கிறாள். எரிச்சல் முழுசாகப் போகவில்லை, தூங்க முடிகிற அளவுக்குக் குறைந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணில் சொட்டு விடுகிறாள், பாட்டில் முந்தானை முடிச்சில் இருக்கும். பாதத்துக்குச் சூடு தெரியாததால் குளிக்கும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்கிறாள். ராத்திரி வழியில் ஒரு சிறு விளக்கு எரிகிறது. சாயங்காலம் கடைக்கு வந்தால் இன்றும் தட்டுவடை செட் வாங்குவோம். "சட்னி தூக்கலா வைங்க தம்பி, வடை நல்லா ஊறட்டும்" என்று வண்டிக்காரத் தம்பியிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்வாள்.